எலுமிச்சை வாசத் தைலம் குழந்தைக்கு ஆகுமா?

கேள்வி: பேரனுக்கு ஒன்றரை வயது. சளியால் மூக்கடைத்து இரவெல்லாம் அழுகிறான். வழக்கமான நீலகிரித் தைலம் தீர்ந்துவிட்டது. மருமகன் ஊட்டியிலிருந்து எலுமிச்சை வாசம் வீசும் யூகலிப்டஸ் தைலம் வாங்கி வந்திருக்கிறார். இதுவும் அதே மரம்தானே? குழந்தையின் மூக்கருகே தடவலாமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: வேண்டாம் அம்மா. புதியது மட்டுமல்ல, பழைய தைலமும் இந்த வயதுக்கு வேண்டாம்.

நாம் கற்பூர மரம் என்று சொல்வது யூகலிப்டஸ் குளோபுலஸ். 1843 வாக்கில் ஆஸ்திரேலியாவிலிருந்து நம் மலைக்கு வந்தது. அதன் தைலத்தில் பெரும்பங்கு சினியோல் என்ற பொருள். மூக்கில் ஜில்லென்று ஏறுவது அதுதான். மருமகன் வாங்கியது யூகலிப்டஸ் சிட்ரியோடோராவின் தைலம். இலையைக் கசக்கினாலே எலுமிச்சை மணக்கும். இதில் நிறைந்திருப்பது அந்த வாசம் தரும் சிட்ரோனெலல்; சினியோல் சொற்பம். அதனால் மூக்கடைப்புக்குப் பெரியவர்களுக்கும் இது பதில் மருந்தாகாது. தாவரவியலாளர்கள் 1995-இல் அந்த மரத்தை கோரிம்பியா என்ற வேறு பேரினத்துக்கே மாற்றிவிட்டார்கள். பாட்டிலில் மட்டும் பழைய பெயர் நிற்கிறது.

சினியோல் மிகுந்த தைலத்தைச் சின்னக் குழந்தையின் மூக்கருகே தடவினால் தொண்டை இறுகி மூச்சு தடைபடலாம். வாய்க்குள் போனால் இன்னும் மோசம். ஒரு டீஸ்பூன் அளவே அரை மணி நேரத்துக்குள் மயக்கம், வலிப்பு வரை கொண்டுபோகக்கூடும். நம் வீடுகளில் தைலப் பாட்டில் தலையணை ஓரத்திலேயே கிடக்கும். தயவுசெய்து இன்றே எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள். தப்பித்தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், தைலம் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, சளிக்கு என்ன செய்வது? மருந்துக் கடையில் சலைன் (உப்பு நீர்) மூக்குச் சொட்டு கிடைக்கும். பால் தருவதற்கு முன்பும் தூங்க வைப்பதற்கு முன்பும் அதை விடுங்கள். வெதுவெதுப்பான நீர், கஞ்சி, பால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். ஒரு வயது தாண்டிவிட்டதால் இருமலுக்கு அரை டீஸ்பூன் தேன் தரலாம். ஆவி பிடிக்க வைக்க வேண்டாம், வெந்நீர் கொட்டிவிடும்.

அப்புறம், குழந்தை அழாமல் தூங்கும்போது மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூச்சிழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, எதையும் குடிக்க மறுத்தாலோ மழை, பனிமூட்டம் என்று விடியும்வரை காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள்.