நெரிசலில் தினமும் பைக்: வாசகர் கேள்வி பதில்

புறநகர் வீட்டிலிருந்து நகரத்தின் நடுவே உள்ள வேலையிடத்துக்குத் தினமும் பைக்கில் போய்வருபவர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: ஒரு வழிக்கு 25 கி.மீ. முதல் பாதி காலியான சாலை, மீதி முழுக்க நெரிசல். 125 சிசி பைக். 18,000 கி.மீ.யிலேயே கிளட்ச் பிளேட் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். இதே பைக்கை வைத்திருக்கும் நண்பருக்கு 40,000 தாண்டியும் ஒன்றும் ஆகவில்லை. என் பைக்கில் ஏதாவது கோளாறா?

பதில்: கோளாறு பெரும்பாலும் பாதையில்தான் இருக்கும். ஓடோமீட்டர் தூரத்தைச் சொல்லும், கிளட்சை எத்தனை முறை பிடித்து விட்டீர்கள் என்று சொல்லாது. மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் 3,000 கி.மீ. போக இன்ஜின் ஏறக்குறைய 67 மணி நேரம் ஓடுகிறது. சராசரி 15 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் அதே தூரத்துக்கு 200 மணி நேரம். நண்பர் காலிச் சாலையில் போகிறவராக இருந்தால், இரண்டு பைக்கும் ஒரே கி.மீ. காட்டினாலும் உங்கள் பைக்தான் வயதில் மூத்தது.

கிளட்சுக்குள் உராய்வுப் பிளேட்டும் இரும்புப் பிளேட்டும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங்குகள் அவற்றை அழுத்திப் பிடிக்கின்றன. லீவரைப் பாதி பிடித்தபடி ஊர்ந்தால், அதாவது ஹாஃப் கிளட்சில் போனால், அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிச் சூடேறும். சூடு தொடர்ந்தால் உராய்வுப் பரப்பு பளபளவென்று கண்ணாடிபோல் ஆகிவிடும், இரும்புப் பிளேட் நீலம் பாய்ந்து வளையும். பிறகு முறுக்கினால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. சந்தேகம் இருந்தால் காலிச் சாலையில் நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் போகும்போது சட்டென்று முறுக்கிப் பாருங்கள். இன்ஜின் மட்டும் துள்ளி ஓடினால் கிளட்ச் வழுக்குகிறது.

புதுப் பிளேட் போட்ட பிறகு மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, லீவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை வெற்றசைவு (கேபிள் இழுபடுமுன் லீவர் சும்மா ஆடும் தூரம், ஃப்ரீ ப்ளே) இருக்க வேண்டும். சரியான அளவு உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும். வெற்றசைவே இல்லாமல் கேபிளை இறுக்கிவிட்டால், நீங்கள் கையை எடுத்த பிறகும் லீவரைக் கொஞ்சம் பிடித்திருப்பதுபோலவே பிளேட்டுகள் வழுக்கும். விரல்களை லீவர்மேல் போட்டு ஓட்டும் பழக்கமும் இதே வேலையைத்தான் செய்கிறது. வெற்றசைவு அதிகமானால் கிளட்ச் முழுதாக விடுபடாது, சிக்னலில் நியூட்ரல் விழாமல் முரண்டு பிடிக்கும்.

இரண்டாவது, ஆயில். பைக் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே ஊறுவது. டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 (JASO MA, MA2) என்ற, இப்படி ஆயிலில் ஊறும் கிளட்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் தரக்குறி இருக்க வேண்டும். எரிபொருள் சிக்கனத்துக்காக உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் புதுப் பிளேட்டும் வழுக்கும். உங்களைப்போல் நெரிசலில் ஓட்டுபவர்கள் ஆயில் மாற்றும் இடைவெளியைக் கையேடு சொல்வதைவிடக் குறைத்துக்கொள்வது நல்லது. இந்த அளவு இன்ஜினில் இருப்பதே ஏறக்குறைய 1 லிட்டர்தான், அதில் 200 மி.லி. குறைந்தாலும் சூடு தெரியும்.

மூன்றாவது, ஓட்டும் விதம். முன்னால் இருப்பவர் ஓரடி நகர்ந்ததும் நீங்களும் ஓரடி நகராதீர்கள். இரண்டு பைக் நீளத்துக்கு இடம் விழும்வரை நியூட்ரலில் நின்று, பிறகு முதல் கியரில் கிளட்சை முழுதாக விட்டு உருளுங்கள். வேகத்தைப் பின் பிரேக்கால் அடக்குங்கள். ஒரு கி.மீ. நெரிசலில் நாற்பது முறை பிடிக்கும் கிளட்ச் பத்து முறையோடு முடியும். பின்னால் ஹாரன் அடிப்பார்கள்தான். அதற்காகப் பிளேட்டைக் கருக்க வேண்டாம்.

கேள்வி: சர்வீசில் செயினை இறுக்கித் தருகிறார்கள். மூன்றே வாரத்தில் மறுபடி தொங்கிச் சத்தம் போடுகிறது. இன்னும் இறுக்கமாக வைக்கச் சொல்லலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அளவுக்கு மீறி இறுக்குவதுதான் செயினைச் சீக்கிரம் நீளவைக்கிறது. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ஓர் இடத்தை மையமாக வைத்து ஆடுகிறது, முன் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) அதற்குச் சற்று முன்னால் வேறோர் இடத்தில் சுழல்கிறது. நீங்கள் ஏறி உட்கார்ந்து, பின்னால் ஒருவரும் உட்கார்ந்து, ஒரு பள்ளத்தில் பைக் அமுங்கும்போது இரண்டு ஸ்பிராக்கெட்டுகளுக்கும் இடையிலான தூரம் கூடும். ஸ்டாண்டில் நிற்கையில் கம்பிபோல் விறைப்பாக இருந்த செயின் அப்போது எங்கே போகும்? தானும் நீண்டு, கியர்பாக்ஸ் தண்டின் பேரிங்கையும் இழுத்துக் கெடுக்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில், இன்ஜினை அணைத்துவிட்டு, கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்து அளவுகோலால் அளந்து பாருங்கள். பெரும்பாலான தினசரி பைக்குகளுக்கு 20 முதல் 30 மி.மீ. அசைவு சரி. செயின் முழுக்க மூடிய கவருக்குள் இருந்தால், கவரில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றி அந்தத் துளை வழியாகப் பாருங்கள். ஒரே இடத்தில் பார்த்து நிறுத்திவிடாமல் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள். ஓரிடம் இறுக்கமாகவும் ஓரிடம் தளர்வாகவும் இருந்தால், இறுக்கமான இடத்தை வைத்தே அளவு எடுக்க வேண்டும். சர்வீசில் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

சரிசெய்ய, பின்சக்கர அச்சான ஆக்சிலின் நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டர் நட்டுகளையும் கால் சுற்று கால் சுற்றாகச் சமமாகத் திருப்புங்கள். ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கட்டும். இல்லாவிட்டால் சக்கரம் கோணலாகி ஸ்பிராக்கெட் பல் ஒரு பக்கமாகத் தேயும். ஆக்சிலை இறுக்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள், இறுக்கும்போதே சற்று மாறியிருக்கும். பின்னால் டிரம் பிரேக் என்றால் சக்கரம் நகர்ந்ததில் பெடல் அசைவும் மாறியிருக்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.

500 கி.மீ.க்கு ஒருமுறையும், மழையில் நனைந்த மறுநாளும் எண்ணெய் போடுங்கள். மாலை வீடு வந்ததும் செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது கீழ்ச்செயினின் உட்பக்கத்தில் கியர் ஆயில் எஸ்.ஏ.இ. 90 அல்லது செயின் ஸ்பிரே. இரவு முழுக்க ஊறட்டும். காலையில் கிளம்பும்முன் போட்டால் பாதி டயருக்குத்தான் போகும். இன்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயில் வேண்டாம், அதில் இரும்புத் துகள் இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் தொங்கினால், பின் ஸ்பிராக்கெட்டின் கடைசிப் பகுதியில் செயினைப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். பல்லின் பாதி வெளியே தெரிந்தால் செயின் செட் முடிந்துவிட்டது. செயினை மட்டும் மாற்றாமல் இரண்டு ஸ்பிராக்கெட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல் புதுச் செயினைச் சில மாதத்தில் தின்றுவிடும்.

கேள்வி: வேலைக்குப் போய்ச் சேரும்போது இடது கை விரல்கள் மரத்துப்போகின்றன. கையுறை மாற்றியும் பலனில்லை.

பதில்: லீவர் நிற்கும் கோணத்தைப் பாருங்கள். வழக்கம்போல் உட்கார்ந்து விரல்களை நீட்டினால், முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் லீவரைத் தொட வேண்டும். மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கினால் லீவர் உயரத்தில் இருக்கிறது. ஹேண்டில்பாரோடு அதைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்திச் சற்றுக் கீழே திருப்பி இறுக்கிக்கொள்ளலாம்.

இடது கை மட்டும் என்பதால் கிளட்ச் கேபிளின் மேலும் சந்தேகம் வருகிறது. லீவர் நாளுக்கு நாள் கனமாகிறதா? லீவரோடு சேரும் இடத்தில் ரப்பரை விலக்கிப் பாருங்கள். மெல்லிய கம்பி இழை ஒன்றிரண்டு முள்போல் நீட்டிக்கொண்டிருந்தால் கேபிள் அறுந்துகொண்டிருக்கிறது. இன்றே மாற்றிவிடுங்கள், நெரிசலின் நடுவே அறுந்தால் பெரும்பாடு. இதையெல்லாம் சரிசெய்தும் மரத்துப்போவது நிற்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: மழை நாளில் பிரேக் பிடித்தால் வழுக்குகிறது. முன் பிரேக்கைத் தொடாமல் ஓட்டுவது சரியா?

பதில்: சரியல்ல. பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்கு மாறுவதால் நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு அங்கேதான். இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைப் பஞ்சைப் பிழிவதுபோல் மெதுவாகத் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போங்கள். சட்டென்று அழுத்தினால்தான் டயர் பூட்டிக்கொண்டு வழுக்கும். சாலையில் அடித்த பெயின்ட் கோடு, மேன்ஹோல் மூடி, பாலத்தின் இரும்பு இணைப்பு இவற்றின்மேல் பிரேக்கும் வேண்டாம், பைக்கைச் சாய்க்கவும் வேண்டாம். மழை தொடங்கிய முதல் சில நிமிடங்களில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் கரைந்து மிதப்பதால் கூடுதல் வழுக்கல் இருக்கும். 36 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 10 மீட்டர். காய்ந்த சாலையில் இரண்டு நொடி இடைவெளி விடுபவர் மழையில் நான்கு நொடி, அதாவது 40 மீட்டர் விட வேண்டும். அந்த இடத்தில் யாராவது புகுந்தால் மறுபடி பின்வாங்குங்கள்.

கேள்வி: தேங்கிய தண்ணீரில் பைக் அணைந்துவிட்டால் உடனே ஸ்டார்ட் செய்யலாமா?

பதில்: செல்ஃப் பட்டனைத் தொடாதீர்கள், தள்ளிக்கொண்டு வெளியே வாருங்கள். ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளையும். ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் பிளக்கைக் கழற்றி, பிளக் வயரை எட்டத் தள்ளி வைத்துவிட்டு, கிக்கரை மெதுவாகச் சில முறை மிதித்துத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் மாற்றாமல் ஓட்டக் கூடாது. கிளம்பியதும் முதல் 200 மீட்டருக்குப் பிரேக்கை லேசாக அழுத்தியபடி போங்கள், நனைந்த டிரம் காய்ந்தால்தான் பிடிக்கும்.

கேள்வி: டயரில் பட்டன் (சாலையைத் தொடும் பரப்பின் மேடுகள்) இன்னும் நன்றாகத் தெரிகிறது, ஆனால் டயர் பழசு என்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3518 என்றால் 2018-இன் 35-ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் இருந்தாலும், ரப்பர் இறுகி ஓரங்களில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். ஈரச் சாலையில் அந்த டயர் பிடிக்காது.