ஷர்மன் கிராஃபோர்டும் தோற்றுப்போன மசோதாக்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அயர்லாந்து நிலச் சட்டங்கள் பற்றிய உங்கள் உரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டு நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஷர்மன் கிராஃபோர்டைப் பற்றி ஏன் அவ்வளவு நேரம் பேசினீர்கள் என்று எனக்குப் பிடிபடவில்லை. அவர் கொண்டுவந்த குத்தகை மசோதா ஒன்றுகூட நிறைவேறவில்லை. அவரே பெரிய நிலக்கிழார் வேறு. பின்னால் வந்த நிலச் சங்கத் தலைவர்கள் டேவிட்டும் பார்னெலும் நடத்திய போராட்டம்தானே குடியானவர்களுக்கு உரிமையை வாங்கித் தந்தது?

ம.

அன்புள்ள ம.,

வாங்கித் தந்தது போராட்டம்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் போராட்டம் எதைக் கேட்டது என்று பாருங்கள். நியாயமான குத்தகை, குத்தகையை ஒழுங்காகக் கட்டிவரும்வரை நிலத்தைவிட்டு வெளியேற்றாமை, தன் பாத்தியதையை விற்றுக்கொள்ளும் உரிமை. அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டர் மாகாணக் குடியானவர்கள் இவற்றை வழக்கம் என்ற பெயரில் ஏற்கெனவே பெருமளவு அனுபவித்து வந்தார்கள். அதைச் சட்டமாக்கு என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் முதலில் விடாமல் கேட்டவர் கிராஃபோர்டு.

மேற்கு அயர்லாந்தில் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கல் பொறுக்கி, சதுப்பு நீரை வடித்து, பொறுக்கிய கல்லிலேயே சுவர் எழுப்பி, குடிசையும் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். நிலக்கிழார் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. நிலம் தேறியதும் குத்தகை ஏறுகிறது. கட்ட முடியாவிட்டால் வெறுங்கையோடு வெளியேற வேண்டும். அல்ஸ்டரில் என்றால் வெளியேறுகிறவர் அடுத்து வருகிறவரிடம் தன் உழைப்புக்கு விலை பெறலாம். ஆனால் நிலக்கிழார் மனம் மாறினால் அந்த வழக்கத்தைக் காட்டி நீதிமன்றத்தில் நிற்க முடியாது.

வெளியேறும் குடியானவருக்கு அவர் செய்த மேம்பாட்டுக்கு ஈடு தர வேண்டும் என்று கிராஃபோர்டு 1835இல் முதல் மசோதா வைத்தார். மறுபடியும் மறுபடியும் வைத்தார். வீடும் வேலியும் நிலக்கிழார் போட்டுத்தரும் இங்கிலாந்துப் பழக்கத்தை வைத்தே யோசித்த அவை அது. 1843இல் அவர் மீண்டும் கிளப்பிய பிறகு டெவன் பிரபு தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அயர்லாந்தில் அந்தச் செலவெல்லாம் குடியானவர் தலையில்தான் என்பதை அதன் 1845 அறிக்கை பதிவுசெய்தது. அப்படியும் அவை அசையவில்லை. குடியானவர் உரிமை என்பது நிலக்கிழாருக்கு அநீதி என்று 1865இல்கூட பிரதமர் பாமர்ஸ்டன் பேசினார். அவருக்கே அயர்லாந்தின் ஸ்லைகோவில் பெரும் பண்ணை இருந்தது.

நிலக்கிழார் என்கிறீர்கள். உண்மைதான், அதனாலேயே அவர் மேல் எனக்கு மதிப்பு கூடுகிறது. தன் பண்ணையில் அந்த வழக்கத்தை மதித்தவர், தன் வர்க்கத்தையே எதிர்த்து வாக்குக் கேட்டார். பிரதமர் கிளாட்ஸ்டனின் 1870 அயர்லாந்து நிலச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். அல்ஸ்டர் வழக்கம் சட்டப்படி செல்லும் என்பதுதான் அதன் முதல் பிரிவு. கிராஃபோர்டு இறந்து ஒன்பது ஆண்டு ஆகியிருந்தது.

1852இல், எழுபது வயது கடந்து, இங்கிலாந்தின் ராச்டேல் தொகுதியை விட்டுவிட்டு, அல்ஸ்டரில் தன் சொந்த மாவட்டமான டவுன் (Down) தொகுதியில் நின்று தோற்றார். ரகசிய வாக்கு வர இன்னும் இருபது ஆண்டு இருந்தது. அவருக்கு வாக்களிக்க நினைத்த குடியானவர், நிலக்கிழாரின் ஆள் காதில் விழ, கிராஃபோர்டின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.