காதுக்குப் பின்னால் கரண்ட் கொடுத்தால் தலைசுற்றல் போகுமா?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 58 வயது. சில மாதங்களாகப் படுக்கையில் புரண்டு படுத்தாலே தலை சுற்றுகிறது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். ஐந்து ரோடு பக்கம் ஒரு மண்டபத்தில் இலவச நரம்புப் பரிசோதனை முகாம் என்று கூட்டிப்போனோம். கண்ணை மூடி நிற்கச் சொல்லி, இரண்டு காதுக்குப் பின்னாலும் பட்டை ஒட்டி லேசாகக் கரண்ட் கொடுத்தார்கள். அம்மா ஒரு பக்கமாகச் சாய்ந்தார். “பேலன்ஸ் நரம்பில் கரண்ட் குறைந்துவிட்டது, இந்த மெஷினைத் தினமும் வைத்தால் சார்ஜ் ஏறிவிடும்” என்றார்கள். விலை 28,500 ரூபாய். 5,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். மீதியைக் கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். கொடுத்த 5,000-ஐயும் திரும்பக் கேளுங்கள்.

முதலில் அந்தச் சாய்வு. அதே பட்டையை உங்கள் காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்தால் நீங்களும் சாய்ந்திருப்பீர்கள். ஒரு மில்லி ஆம்பியர் அளவு மின்சாரமே அதற்குப் போதும். எதிர்முனை (மைனஸ்) ஒட்டிய பக்கம், உள்காதிலிருந்து மூளைக்குச் சமநிலைச் செய்தி கொண்டுபோகும் நரம்பின் மின் துடிப்பு கூடும், நேர்முனைப் (பிளஸ்) பக்கம் குறையும். ஆள் நேர்முனைப் பக்கமாகச் சாய்வார். நல்ல காது உள்ளவர்களுக்கே இப்படித்தான் நடக்கும். அதாவது, நரம்பு வேலை செய்கிறது என்பதற்கான அடையாளத்தையே நோயின் அடையாளம் என்று காட்டிப் பணம் வாங்கியிருக்கிறார்கள். வயதானவர்களின் பயத்தை வைத்து இப்படி வியாபாரம் செய்வதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்தது ‘சார்ஜ்’. சமநிலை நரம்பு நாம் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதும் ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கும். 1971-ல் சிகாகோவில் கோல்ட்பெர்க், பெர்னாண்டஸ் இருவரும் குரங்குகளில் அளந்தபோது, தலை அசையாத நிலையிலேயே ஒரு நரம்பிழை சராசரியாக நொடிக்கு 90 தடவை அளவில் துடித்தது. தலையை வலப்பக்கம் திருப்பினால் வலது காதிலிருந்து வரும் துடிப்பு கூடும், இடது காதில் குறையும். மூளை பார்ப்பது இந்த வித்தியாசத்தைத்தான். செவ்வாய்ப்பேட்டை மண்டித் தராசில் ஒரு தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்தாலும் முள் சாய்கிற மாதிரி, ஒரு பக்கத் துடிப்பு மட்டும் மாறினால் தலை சும்மா இருந்தாலும் உலகம் சுற்றும். இரண்டு பக்கமும் சேர்த்துக் கரண்ட் ஏற்றினால் இது சரியாகிவிடாது.

இன்னொன்று, நரம்பு செல் தன் மின்னழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அதன் சவ்வில் இருக்கும் பம்புகள் சோடியத்தை வெளியே தள்ளி பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்கான சக்தி நாம் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்தும் மூச்சுக்காற்றிலிருந்தும் வருகிறது. வெளியிலிருந்து கொடுக்கும் கரண்டை அது சேமித்து வைப்பதில்லை. மெஷினை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் துடிப்பு பழைய கணக்குக்கே வந்துவிடும். காதுக்குப் பின்னால் மிக மெல்லிய மின்சாரம் கொடுத்து நடை தடுமாற்றத்தைக் குறைக்க முடியுமா என்று ஆய்வுகள் நடப்பது உண்மைதான். ஆனால் அதைக் காட்டி வீட்டுக்கு வீடு மெஷின் விற்பது நியாயமில்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் இப்படிப்பட்ட பட்டையைத் தொடவே கூடாது.

நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், உள்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி, தலை திரும்புவதை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் விழுந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. புரளும்போது மட்டும் வந்து, ஒரு நிமிஷத்துக்குள் அடங்கும் சுற்றலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அப்படியானால் அம்மாவின் நரம்பில் குறை ஏதுமில்லை. துகள் உருளும்போது குழாயில் திரவம் நகர்கிறது, அதை நரம்பு ஒழுங்காகத்தான் மூளைக்குச் சொல்கிறது.

காது மூக்கு தொண்டை டாக்டர் அம்மாவை உட்கார வைத்து, தலையைத் திருப்பிப் பிடித்து, சட்டென்று படுக்க வைத்து, கண்ணின் அசைவைப் பார்ப்பார். துகள்தான் என்று தெரிந்தால் எப்லி என்கிற முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகளை அந்தக் குழாயிலிருந்து வெளியே கொண்டுவருவார். சில நிமிஷ வேலை, மெஷின் எதுவும் வேண்டாம். பிறகு மறுபடி வந்தால் மறுபடி செய்துகொள்ளலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் காட்டினால் பெரிய செலவும் இருக்காது. அதற்கு முன்பே யாராவது ‘ஃபுல் பேக்கேஜ்’ டெஸ்ட் என்றால் அவசரப்படாதீர்கள். கை கால் நரம்புக்கு எடுக்கும் என்.சி.வி. டெஸ்டில் காதின் சமநிலை நரம்பைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் சுற்றலோடு பேச்சு குழறுவது, இரட்டையாகத் தெரிவது, ஒரு பக்கம் மரத்துப்போவது, நிற்கவே முடியாமல் போவது இருந்தால் உடனே 108.

இனி பணம். ரசீது, முகாம் நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ரசீது தரவில்லை என்றால் அதுவே நியாயமற்ற வணிக முறை. ‘வேண்டாம், பணத்தைத் திருப்பித் தாருங்கள்’ என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அப்புறமும் நடக்கவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, 2 வருஷத்துக்குள் போட வேண்டும். நரம்புக் கோளாறைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ம் வருஷத்து மருந்துகள், மாய சிகிச்சைகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டமே தடுக்கிறது. புகாரில் அதையும் எழுதுங்கள். ஐ.எஸ்.ஓ. சான்றிதழைக் காட்டினால் மயங்க வேண்டாம். அது கம்பெனி நடத்தும் முறைக்குக் கொடுப்பது, மெஷின் குணமாக்கும் என்பதற்கு அல்ல. மருத்துவக் கருவி என்றால் தயாரிப்பாளர் முகவரியும் உரிம எண்ணும் பெட்டியிலேயே இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஏற்காட்டுக்குப் போகும்போது 20 கொண்டை ஊசி வளைவிலும் 12 வயது மகள் வாந்தி எடுக்கிறாள். கையில் கட்டும் எலெக்ட்ரிக் பட்டை வாங்கலாமா?

பதில்: அது மணிக்கட்டு நரம்பைத் தூண்டுவது, காது நரம்பை அல்ல. பலன் கிடைத்தது என்றும் இல்லை என்றும் இரண்டு விதமாகவும் ஆய்வு முடிவுகள் இருப்பதால், முதல் செலவாக அதை வாங்கச் சொல்ல மாட்டேன். காது ‘திரும்புகிறோம்’ என்கிறது, முன் சீட்டின் முதுகையோ போனையோ பார்க்கும் கண் ‘இல்லை’ என்கிறது. அந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார வைத்து, வரப்போகும் வளைவைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால், கிளம்புவதற்கு முன்னால் கொடுக்கும் மாத்திரையை வயதுக்கேற்ற அளவில் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள், தூக்கம் வரும்.