ஒட்டாத வாளி, ஒட்டிய உதடு: வாசகர் கேள்விகள்

போன மாதம் இன்ஸ்டன்ட் பசையைப் பற்றி வந்த ஒரு கேள்விக்கு இரண்டு வரியில் பதில் போட்டேன். அதன் பலன், இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் பசைதான். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். எனக்கு விழுந்த திட்டுகளைச் சுருக்கவில்லை, மொத்தமாக எடுத்துவிட்டேன்.

கேள்வி: லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மேஜையில் கொட்டிய இன்ஸ்டன்ட் பசையைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்தேன். வேஸ்ட் கொதித்தது, புகை வந்தது, இரண்டு விரலில் கொப்புளம். கடைக்காரர் போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டாரா?
– ஆர்.எம்., கோவை

பதில்: கடைக்காரரை விட்டுவிடுங்கள், அசல் சரக்கும் இதையேதான் செய்யும். இந்தப் பசை பெயின்ட் மாதிரி காய்வதில்லை. காற்றிலும் பொருளின் மேலும் இருக்கிற துளி ஈரம் பட்டதும் இறுகுகிறது, இறுகும்போது சூட்டைக் கக்குகிறது. ஒரு சொட்டில் அது தெரியாது. பனியன் வேஸ்ட்டின் பருத்தி நூலிலோ ஈரமும் உண்டு, பசை பரவ இடமும் ஏராளம். கொட்டிய பசை மொத்தமும் ஒரே மூச்சில் இறுகினால் விரல் வேகத்தான் செய்யும். ஜீன்ஸும் பருத்திதான் என்பதை நினைவில் வையுங்கள். மடியில் கொட்டினால் துணியைப் பிடித்து இழுக்காமல் தண்ணீரை ஊற்றுங்கள். பருத்திக் கையுறையும் இந்த வேலைக்கு ஆகாது.

அடுத்த முறை கொட்டினால் அப்படியே இறுக விட்டு, மறுநாள் பிளேடால் சுரண்டுங்கள். மிச்சத்தை அசிட்டோன் எடுக்கும். ஆனால் பக்கத்தில் கிரைண்டரில் பொறி பறக்கும்போது அசிட்டோன் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

கேள்வி: குளியலறை வாளியின் காது உடைந்துவிட்டது. இதுவரை ஆறு டியூப் ஊற்றிவிட்டேன். எந்தக் கம்பெனிப் பசை ஒட்டும்?
– கே.எஸ்., சேலம்

பதில்: எதுவும் ஒட்டாது. வாளியின் அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்று இருக்கும், பாருங்கள். இருந்தால் அது இந்தப் பசை பிடிக்காத பிளாஸ்டிக் வகை, ஏழாவது டியூபை வாங்காதீர்கள். இரண்டு ஓட்டை போட்டுக் கம்பி கட்டுங்கள்.

கேள்வி: அவசரத்தில் டியூபைப் பல்லால் கடித்துத் திறந்தேன். உதடு ஒட்டிக்கொண்டது. இப்போது சரியாகிவிட்டது. எச்சரிக்கையை மிகச் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நஷ்டஈடு கேட்கலாமா?
– பெயர் வேண்டாம், விருதுநகர்

பதில்: கேளுங்கள். வீட்டில் கத்தரிக்கோல் இல்லையா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார், அதற்கும் ஒரு பதிலை இப்போதே யோசித்து வையுங்கள்.

மற்றவர்களுக்கு: தோல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டி எடுங்கள். கண்ணில் பட்டால் இமையை இழுத்துத் திறக்கப் பார்க்காமல், தண்ணீரால் கழுவிக்கொண்டே கண் மருத்துவரிடம் ஓடுங்கள். அப்புறம், சொட்டு மருந்து இருக்கிற டப்பாவில் இந்தப் பசையைப் போட்டு வைக்கிறவர்கள் இன்றே எடுத்துவிடுங்கள். கைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கேள்வி: 5 ரூபாய் டியூப் வாங்குவது நஷ்டம், 50 கிராம் பாட்டில்தான் கட்டுப்படியாகும் என்கிறார் என் மைத்துனர். சரியா?
– டி.வி., தஞ்சாவூர்

பதில்: உங்கள் மைத்துனருடைய கணக்கை நானும் போட்டிருக்கிறேன். அரை கிராம் டியூப் 5 ரூபாய் என்றால் கிராம் 10 ரூபாய். எனக்கு ஆஃபரில் கிடைத்த 50 கிராம் பாட்டில் 180 ரூபாய், கிராம் நாலு ரூபாய்கூட இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று வாங்கி வந்தேன். ஒரு செருப்பு, ஒரு டிவி ரிமோட், ஒரு சாமி படத்தின் சட்டம் என்று நாலு கிராம் செலவாகியிருக்கும். பிறகு மழைக்காலம் வந்தது. பாட்டிலுக்குள் ஈரம் போய் மூக்கில் தொடங்கி அடிவரை கல்லாகிவிட்டது. கிராம் 45 ரூபாய்க்குப் பசை வாங்கிய ஆள் நான்.

அன்றாடம் வேலை நடக்கிற பட்டறைக்கும் பிரேம் கடைக்கும் பெரிய பாட்டில் சரி. வீட்டுக்குச் சின்ன டியூப். பெரியது வாங்கியே தீருவேன் என்றால் தயாரித்த மாதமும் வருடமும் பார்த்து வாங்குங்கள், பிரிக்காத பாட்டிலின் ஆயுள் சுமார் ஒரு வருடம்தான். வெயில் விழுகிற வாசலில் மாலையாகத் தொங்குவதை வாங்காதீர்கள். பிரிக்காத பாட்டிலைப் பிரிட்ஜில் வைக்கலாம். வெளியே எடுத்தவுடன் திறந்தால் உள்ளே நீர் பூக்கும், குளிர் விட்ட பிறகு திறங்கள்.

கேள்வி: காபி மக்கின் காது உடைந்து ஒட்டினேன். மூன்றாம் நாள் சூடான காபியோடு கையோடு வந்துவிட்டது. டிவியில் இதே மாதிரிப் பசையால் காரையே தூக்குகிறார்களே, அது பொய்யா?
– லதா எம்., மதுரை

பதில்: பொய்யில்லை, அதனால்தான் எனக்கு எரிகிறது. பொய் என்றால் ஒரு புகாரோடு முடிந்துவிடும்.

ஒட்டிய இடத்தை நாலு விதமாக உடைக்கலாம். நேராக இழுக்கலாம், பக்கவாட்டில் நழுவ விடலாம், ஓரத்திலிருந்து உரிக்கலாம், ஓங்கி அடிக்கலாம். முதல் இரண்டில் இந்தப் பசை சூரன். சுத்தமான இரும்பில், இடைவெளியே இல்லாமல் பிடித்தால், ஒரு சதுர சென்டிமீட்டர் ஒட்டு நூறு கிலோவுக்கு மேல் தாங்கும். கார் தொங்குவதில் அதிசயமே இல்லை. விளம்பரம் எடுக்கிறவர்கள் இந்த இரண்டை மட்டும் காட்டுவார்கள். உரிப்பதையும் அடிப்பதையும் காட்டவே மாட்டார்கள், ஏனென்றால் அங்கே இது கண்ணாடி மாதிரி விட்டுவிடும். இறுகிய பசையில் வளைவு கிடையாது.

நம்பாவிட்டால் இரண்டு ஐஸ் குச்சியை எடுத்து, முனையில் ஒரு விரல் அகலம் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒட்டுங்கள். பத்து நிமிடம் கழித்து இரண்டு பக்கமும் பிடித்து இழுங்கள், வராது. பிறகு ஒட்டிய முனையில் இரண்டுக்கும் நடுவே கத்தி நுனியை விட்டு லேசாக நெம்புங்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நம் வீட்டில் உடைகிற சாமான்களுக்கெல்லாம் நேர்கிற கதி இந்த நெம்பல்தான். மக்கின் காதுக்கு நெம்பலோடு சூடும் ஈரமும் சேர்கின்றன. சுமார் 80 டிகிரிக்கு மேல் சாதாரண இன்ஸ்டன்ட் பசை வலுவிழந்துவிடும், தினமும் கழுவக் கழுவ மிச்சமும் போகும். இதையெல்லாம் விளம்பரத்தின் மூலையில் ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்? ‘எல்லாவற்றையும் ஒட்டும்’ என்று பாடுகிறார்கள். எல்லாவற்றையும் என்பதில் ஆறு டியூப் ஊற்றிய சேலத்துக்காரரின் வாளியும் சேர்த்தியா?

லதா, காபி உங்கள் மேல் கொட்டாமல் தப்பித்தீர்களே, அதுவே போதும். அந்த மக்கில் பேனா போட்டு வையுங்கள்.

கேள்வி: லேப்டாப் கீல் உடைந்து சர்வீஸ் கடையில் கொடுத்தேன். புது பேனல் மாற்றியதாக 2,800 ரூபாய் வாங்கினார்கள். இருபதே நாளில் மறுபடி உடைந்தது. வேறொருவர் திறந்து பார்த்து, பழைய பேனலிலேயே பசையும் வெள்ளைப் பொடியும் போட்டு ஒட்டியிருக்கிறது என்கிறார். கடையில் ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்று பில்லைக் காட்டுகிறார்கள். படிக்கிற பெண்ணின் லேப்டாப், கடன் வாங்கிச் செலவழித்தேன்.
– எஸ்.ஏ., திருச்சி

பதில்: படிக்கவே வயிறெரிகிறது. அந்த வெள்ளைப் பொடி ஆப்பசோடாவாக இருக்க வேண்டும். அதன்மேல் இந்தப் பசையைச் சொட்டினால் நொடியில் கல்லாகும், அரமும் போடலாம். பைக்கின் பக்க மூடியில் விழுந்த ஓட்டையை அடைக்க நல்ல வித்தை. ஆனால் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் கீல் நெம்புகிற இடத்தில் அது நிற்காது. ஐந்து ரூபாய் வேலையைச் செய்துவிட்டு 2,800 வாங்கியிருக்கிறார்கள்.

பில்லில் அச்சடித்த வாசகத்துக்குப் பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிகமுறை. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. உங்களுக்கு நடந்தது அதற்கும் மேலே, போடாத பாகத்துக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். உள்ளே ஒட்டியிருப்பதைப் படமெடுங்கள். திறந்து பார்த்தவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கடைக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போடுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார். அதிலும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். போடுங்கள். என்ன ஆனது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

மற்றவர்கள், பாகம் மாற்றினேன் என்று எவர் சொன்னாலும் பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கொண்டு காசு கொடுங்கள்.

கேள்வி: கல்லூரிப் போட்டிக்கு விமான மாடல் செய்கிறோம். பால்சா கட்டை பிரமாதமாக ஒட்டுகிறது, தெர்மோகோல் இறக்கை உருகிக் குழி விழுகிறது. இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது!
– மாணவர்கள், சென்னை

பதில்: சாதாரண இன்ஸ்டன்ட் பசை தெர்மோகோலைத் தின்னும். தெர்மோகோலுக்கென்று தனி வகை ஹாபி கடைகளில் கிடைக்கும், விலை கூட. இல்லையென்றால் மரவேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசை போதும், ஓர் இரவு காய விடுங்கள். நாலு நாள் இருக்கிறதே. எந்தப் பசையானாலும் முதலில் வெட்டிப் போட்ட துண்டில் சோதித்துப் பார்த்திருக்கலாம், எஞ்சினியர்களே.

கேள்வி: பிளாஸ்டிக் கார் மாடலில் முன்கண்ணாடியை ஒட்டினேன். மறுநாள் கண்ணாடி முழுக்க வெள்ளைப் பூஞ்சை மாதிரி படிந்திருக்கிறது.
– ஜே.பி., புதுச்சேரி

பதில்: பசையின் ஆவி. அது பக்கத்தில் படிந்து இறுகுகிறது. போலீஸ் சில இடங்களில் கைரேகை எடுப்பதும் இந்த ஆவியை வைத்துத்தான், ரேகையில் உள்ள ஈரத்தில் போய் வெள்ளையாகப் படியும். கையில் பசை எடுத்த உற்சாகத்தில் என் மூக்குக்கண்ணாடிச் சட்டத்தை லென்ஸ் இருக்கும்போதே ஒட்டினேன். ஒரு வாரம் மார்கழிப் பனியில் நடப்பது போல இருந்தது, பிறகு புது லென்ஸ் வாங்கினேன். மாடல் கண்ணாடிக்கு வெள்ளைப் பசை போதும். மற்ற இடங்களில் கொஞ்சமாக வையுங்கள், மூடிய டப்பாவுக்குள் காய வைக்காதீர்கள், காற்றோட்டம் வேண்டும்.

கேள்வி: எல்லாவற்றிலும் ஒட்டும் பசை டியூபுக்குள் ஏன் ஒட்டுவதில்லை?
– 7ஆம் வகுப்பு மாணவி, கும்பகோணம்

பதில்: இந்த வாரத்தின் நல்ல கேள்வி இதுதான். உள்ளே ஈரம் இல்லை, கொஞ்சம் அமிலம் சேர்த்து அடக்கி வைத்திருக்கிறார்கள். பாட்டில் என்றால் அது பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக், அதன்மேல் இந்தப் பசைக்குப் பிடிமானம் கிடையாது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்காவில் ஹாரி கூவர் என்ற வேதியியலாளரின் குழுவினர் துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது இது கையில் கிடைத்தது. தொட்டதிலெல்லாம் ஒட்டித் தொல்லை கொடுத்ததால் ஒதுக்கிவிட்டார்கள். கடைக்கு வந்தது 1958இல்தான்.

கேள்வி: கொலு பொம்மையின் கை உடைந்துவிட்டது. மண் பொம்மை. பசை ஊற்ற ஊற்றக் குடிக்கிறது, பிடிக்கவில்லை.
– வசந்தா, காஞ்சிபுரம்

பதில்: சுட்ட மண் உறிஞ்சத்தான் செய்யும், உடைந்த இடமும் மேடு பள்ளமாக இருக்கும். எம்-சீல் வாங்கி இரண்டு களியையும் ஒரே நிறம் வரும்வரை பிசைந்து வைத்து, ஈரக் கையால் வழித்துவிடுங்கள். மறுநாள் உப்புத்தாள் போட்டு வண்ணம் பூசுங்கள். எங்கள் வீட்டுச் செட்டியார் மூன்று வருடமாக அப்படி ஒட்டிய கையால்தான் தராசு பிடிக்கிறார்.