மைக்ரேன் வரும்போதெல்லாம் நாக்ஸ்டாம் போடலாமா?

டாக்டர் எழுதிக் கொடுத்த நாக்ஸ்டாம் 500 வீட்டில் இருக்கிறது, தலைவலி வரும்போதெல்லாம் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாத் தலைவலிக்கும் வேண்டாம்; மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலிக்கு மட்டும்.

அட்டையின் பின்பக்கம் பாருங்கள்: நாப்ராக்சன் 500 மி.கி., டாம்பெரிடோன் 10 மி.கி. முதலாவது வலிக்கு, அடுத்தது குமட்டலுக்கு. மைக்ரேன் வந்தால் வயிறும் மந்தமாகிவிடும்; விழுங்கிய மாத்திரை குடலுக்குப் போகாமல் அங்கேயே கிடக்கும். டாம்பெரிடோன் அதை நகர்த்திவிடும். வலி உச்சத்துக்குப் போகும்வரை பொறுக்காமல் ஆரம்பத்திலேயே போட்டால்தான் நன்றாகக் கேட்கும். வெறும் வயிற்றில் வேண்டாம், இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும்.

கூடவே இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரைகளைச் சேர்க்காதீர்கள். நாப்ராக்சனும் அவையும் ஒரே வகைதான். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகம் அல்லது கல்லீரல் கோளாறு, இதய நோய், கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை என்று ஏதாவது இருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் தொடவே கூடாது. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகளைச் சாப்பிடும்போதும் டாம்பெரிடோன் ஆகாது, இதயத் துடிப்பின் சீர் கெடலாம்.

மாதத்துக்கு 10, 15 நாள் என்று தொடர்ந்து போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். அந்த நிலைமை வந்தால் வலி வராமல் தடுக்கும் மருந்து பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், திடீரென்று இதுவரை வராத கடும் வலி, கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறல் என்றால் மாத்திரையைத் தேடாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.