அளவு சரியாகிவிட்டால் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடலாமா?

மூன்று மாதமாக 130/80 என்றே காட்டுகிறது, இனியும் மாத்திரை எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். கணுக்காலும் வீங்கத் தொடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். இதே கேள்விக்கு நானே விடை சொல்லிக்கொண்டு மாட்டிக்கொண்டவன்.

கல்லிடைக்குறிச்சியில் வசிக்கிறேன். 2022இல் 160/100 இருந்தபோது அம்லோடிபின் 5 மில்லிகிராம் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் அளவு இறங்கியது. கூடவே, மாலையானால் செருப்பு வார் பதிந்த தடம் இராச்சாப்பாடு வரை மறையாமல் கிடந்தது. பெருவிரலால் அழுத்தினால் குழி விழுந்தது. ஆற்றில் குளிக்கும்போது அதைப் பார்த்த ஒருவர், "அண்ணாச்சி, கிட்னி போயிட்டுன்னா இப்படித்தான் வீங்கும், மொதல்ல மாத்திரைய விடுங்க" என்றார். அளவும் சரியாக இருந்ததால், வீட்டில்கூடச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

தலைவலியோ மயக்கமோ வரவில்லை, ஏமாந்தது அதனால்தான். நான்கு மாதம் கழித்துக் கண்புரை அறுவைக்குப் போனபோது, சொட்டு மருந்து விட்டு, பச்சை அங்கியும் மாட்டிய பிறகு, கருவி 190/110 காட்டியது. அறுவையைத் தள்ளிவைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விரிந்த கண்பாவையில் வெயில் கூச, பேருந்தின் பெயர்ப்பலகையைக்கூடப் படிக்க முடியாமல், மைத்துனர் கையைப் பிடித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

அந்த வீக்கம் சிறுநீரகத்தால் வந்ததன்று என்பது பிறகுதான் தெரிந்தது. அம்லோடிபின் சிறு தமனிகளை விரிப்பதால், நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் கசிந்து கணுக்காலில் இறங்குமாம். வேறு மருத்துவர் டெல்மிசார்டன் 40க்கு மாற்றி, சில வாரத்தில் இரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்க்கச் சொன்னார், வீக்கம் வடிந்தது. முதலில் எழுதித் தந்தவர் சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தி இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம் என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மாத்திரைக் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவில் முதியவர்களுக்கு வீட்டுக்கே வந்து இலவசமாகத் தருகிறார்கள். எடையும் உப்பும் குறைத்து, மருத்துவர் சொல்லி மாத்திரையைக் குறைத்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. நானும் அப்பளத்தை விட்டேன். அப்பளத்துக்கே பேர்போன இந்த ஊரில் அது லேசான காரியம் அன்று. ஆனாலும் எனக்கு மாத்திரை தேவைப்படுகிறது.

எந்த மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. இதயத் துடிப்பைக் குறைக்கும் அட்டெனலால் போன்றதாக இருந்தால், சட்டென்று நிறுத்துவது நெஞ்சுவலியில் கொண்டுபோய் விடலாம். கால் வீங்கியிருந்தால் மருத்துவரிடம் செருப்பைக் கழற்றிக் காட்டிவிடுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.