கரைவலைப் பாட்டுக்கு எந்த மென்பொருள்?

கேள்வி: பாம்பனில் இருக்கிறேன். பெரியப்பாவும் அவர் கூட்டாளிகளும் கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டுகளைப் பதிவு செய்து, தவிலும் கொஞ்சம் தந்தி இசையும் சேர்த்து வெளியிட ஆசை. 8 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் லேப்டாப், சின்ன மிடி கீபோர்டு இருக்கின்றன. முயன்று பார்த்ததில், ஹெட்போனில் குரல் பிந்திக் கேட்கிறது. வலை கரையை நெருங்க நெருங்கப் பாட்டு வேகமெடுப்பதால் தாளமும் உட்காரவில்லை. எந்த மென்பொருள் வாங்கலாம்? அதில் என்ன வசதிகள் இருக்க வேண்டும்?

பதில்: எத்தனை நூறு வாத்தியம், எத்தனை ஜிபி ஒலித்தொகுப்பு என்றுதான் இந்த மென்பொருள்களுக்கு விளம்பரம் செய்வார்கள். உங்களுக்கு அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். தாளம் காட்டும் கிளிக் சத்தத்துக்குக் கட்டுப்படாத குரலை வைத்துக்கொண்டு தொடங்குகிறீர்கள். ஆகவே முதலில் பார்க்க வேண்டிய வசதி டெம்போ மேப், அதாவது பாட்டின் வேகம் எங்கெங்கே எப்படி மாறுகிறது என்று குறித்துவைக்கும் வரைபடம்.

புதிதாக ஒரு ப்ராஜெக்டைத் திறந்தால் பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 அடி என்று ஒரே வேகத்தில் கட்டம் போட்டு வைத்திருக்கும். அதில் உங்கள் பெரியப்பாவின் பாட்டைப் போட்டால் இரண்டாவது வரியிலேயே விலகிவிடும். அதற்காக அவர் காதில் ஹெட்போன் மாட்டிக் கிளிக்குக்குப் பாடச் சொல்லாதீர்கள்; பாட்டில் உயிர் இருக்காது. அவர் போக்கில் பாடட்டும். பதிவு முடிந்த பிறகு, எல்லோரும் சேர்ந்து கயிற்றை இழுக்கும் அந்த அழுத்தம் விழுகிற இடங்களில் ஒவ்வொன்றாக டெம்போ குறி வையுங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே வேகம் எவ்வளவு என்று மென்பொருளே கணக்குப் போட்டுக்கொள்ளும். தொடக்கத்தில் 84 வரும், முடிவில் 110 வரும், வரட்டும். அதன் மேல் நீங்கள் மிடி கீபோர்டில் வாசிக்கும் வாத்தியம் பாட்டோடு சேர்ந்தே வேகமெடுக்கும்.

இதில் பலரும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. குறி வைக்கத் தொடங்கும் முன் குரல் டிராக்கின் டைம்பேஸை (டிராக் எதைப் பிடித்து நிற்க வேண்டும் என்ற அமைப்பை) ‘நேரம்’ என்று மாற்றிவிடுங்கள். ‘தாளம்’ என்றே விட்டால், வேகத்தை மாற்றும்போதெல்லாம் குரலும் நகரும், சில சமயம் இழுபடும். தானாக டெம்போ கண்டுபிடிக்கும் வசதியும் பல மென்பொருள்களில் இருக்கிறது. அது மேளம் போலச் சட்டென்று எழும் ஒலியைத் தேடும். வெறும் குரலில் ஏமாந்துவிடும். கையால் வைப்பதே நல்லது. நான்கு நிமிடப் பாட்டென்றால் ஒரு மாலை வேலை.

அப்புறம், குரல் பிந்துவது. மென்பொருளை மாற்றினாலும் இது தீராது. ஒலியைச் சிறு துண்டுகளாகச் சேர்த்துத்தான் கணினி கையாளும். அந்தத் துண்டின் அளவுக்கு பஃபர் என்று பெயர். 48,000 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 48,000 சாம்பிள் (ஒலி அளவீடு) என்ற கணக்கில், பஃபரை 1024 சாம்பிள் வைத்தால் ஒரு வழிக்கே 21 மில்லி விநாடி தாமதம். உள்ளே போய் வெளியே வருவதற்குள் இரட்டிப்பாகும். 128 வைத்தால் ஒரு வழிக்கு 3 மில்லி விநாடிக்கும் குறைவு. விண்டோஸில் இதற்கு, ஒலியைக் குறைந்த தாமதத்தில் கடத்தும் ஏசியோ (ASIO) டிரைவர் வேண்டும். மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும், டைரக்ட் மானிட்டரிங் பொத்தான் உள்ள சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்கினால், குரல் கணினிக்குள் போகாமலே ஹெட்போனுக்கு வந்துவிடும். என்னைக் கேட்டால் முதல் காசை இதற்குத்தான் செலவழிக்க வேண்டும். மிக்ஸ் செய்யும்போது பஃபரை மறுபடி 1024க்கு ஏற்றிவிடுங்கள், லேப்டாப் மூச்சுவிடும்.

மெய்நிகர் வாத்தியங்கள் பற்றிச் சுருக்கமாக. 1996இல் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் கொண்டுவந்த விஎஸ்டி முறையில் 1999இல் வாத்தியங்களும் சேர்ந்ததிலிருந்து, ஒருவர் செய்த வாத்தியத்தை இன்னொருவரின் மென்பொருளில் செருகலாம் என்றாகிவிட்டது. அதனால் கூடவே என்ன வாத்தியங்கள் வருகின்றன என்று பார்த்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. தந்தி இசைக்கு இலவசமாகக் கிடைப்பவையே போதும். கமகத்துக்கு பிட்ச் வீல் இருக்கிறது. அது பெரும்பாலும் இரண்டு அரைச்சுரத்துக்குத்தான் அமைத்திருப்பார்கள், நீண்ட இழுப்பு வேண்டுமானால் வாத்தியத்தின் அமைப்பில் கூட்டிக்கொள்ளலாம். தவிலை மட்டும் கணினியை நம்பி விடாதீர்கள். ஒரே அடி திரும்பத் திரும்ப அச்சு மாறாமல் விழுவதைக் கேட்கிறவர் கண்டுபிடித்துவிடுவார். தவில் வாசிப்பவர் ஒருவரை அழைத்து, டெம்போ மேப் போட்ட பாட்டைக் கேட்க வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். 8 ஜிபி ராமில் வாத்தியங்கள் கூடினால் திணறும். அதற்கு ஃப்ரீஸ் வசதி. முடித்த டிராக்கை அது ஒலிக்கோப்பாக மாற்றி நினைவகத்தை விடுவிக்கும்.

எடுப்புக்கு ஒருவரும் தொடுப்புக்கு நான்கைந்து பேரும் பாடுகிற பாட்டு இது. தொடுப்புக்கு ஆள் குறைந்தால் டேக் லேன் வசதி கைகொடுக்கும். ஒரே ஆள் நாலு தரம் பாடி அடுக்கலாம். ஒரே பதிவை நகலெடுத்து அடுக்கினால் சத்தம்தான் கூடும், கூட்டம் கூடாது.

சரி, எதை வாங்குவது? உங்களுக்கு ரீப்பர் போதும். 60 நாள் சோதித்துப் பார்க்கலாம். தனிநபருக்கான சலுகை உரிமம் 60 டாலர். பழைய லேப்டாப்பிலும் ஓடும், மேலே சொன்ன எல்லாம் அதில் உண்டு. ஆடாசிட்டி இலவசம், பதிவுக்கும் வெட்டி ஒட்டவும் நல்லது. ஆனால் மிடி வாத்தியம் வாசிக்க அது ஆகாது. எல்எம்எம்எஸ்ஸில் வாத்தியம் உண்டு, மைக்கிலிருந்து நேரடியாகப் பதிவு செய்ய முடியாது. கியூபேஸ் அருமையானது, அந்த விலை இப்போது உங்களுக்குத் தேவையில்லை.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கடற்கரையில் பதிவு செய்வதானால் மைக்குக்கு ரோம உறை கட்டாயம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் போட்டால் காற்றின் உறுமல் ஓரளவு போகும். காற்று மோதி ஒலி உடைந்துவிட்டால் எந்த பிளகினும் மீட்டுத் தராது. அளவை மைனஸ் 12 டெசிபலுக்குள் வைத்து, 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டினால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் பெரும்பாலும் வராது. உப்புக் காற்றுக்கு, மைக்கை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

மதுரையிலோ சென்னையிலோ ஒரு ஸ்டுடியோவில் மிக்ஸ் செய்யக் கொடுப்பதாக இருந்தால் ப்ராஜெக்ட் கோப்பை மட்டும் அனுப்பாதீர்கள். அவர்களிடம் வேறு மென்பொருள் இருக்கும். ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து, டெம்போ மேப்பை மிடி கோப்பாகச் சேர்த்து அனுப்புங்கள்.